புன்னகையின் பொருள் அறியும் பயிற்சி

மனிதர் பேசும் மொழிகளுள் முதலில் கற்பது நாவின் மொழி அன்று. முகத்தின் மொழியே ஆகும். தொட்டிலில் கிடக்கும் குழந்தை ஒரு சொல்லும் அறியாத பருவத்திலேயே தாயின் முகத்தை நோக்குகிறது. தாய் சிரித்தால் தானும் சிரிக்கிறது. அவள் முகம் வாடினால் தானும் விம்முகிறது. புருவம் நெரிவதையும், குரல் தாழ்வதையும், கண் கலங்குவதையும் கண்டு பிறர் உள்ளத்தை உணரும் இக்கலையை எந்தப் பள்ளியும் கற்பிப்பதில்லை. வீட்டிலும் தெருவிலும் பழகிப் பழகி, கற்கிறோம் என்னும் நினைவே இன்றி நாம் கற்றுக்கொள்கிறோம்.

ஆனால், இம்மொழி எல்லோருக்கும் இங்ஙனம் தானாக வந்துவிடுவதில்லை. வீட்டிற்கு உறவினர் வருகின்றனர். “மாமா கேட்கிறார் அல்லவா? பதில் சொல் கண்ணா!” என்று தாய் கெஞ்சுகிறாள். சிறுவனோ சுழலும் மின்விசிறியை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. திருமண வீட்டில் மேளம் முழங்கியதும் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு அலறுகிறான். விளையாட வந்த தங்கை அழும்போது அவன் ஒன்றும் நடவாதவன் போல் வண்டிச் சக்கரத்தை உருட்டிக்கொண்டிருக்கிறான். காண்போர் என்ன சொல்கின்றனர்? “பிடிவாதக்காரன்”, “செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள்” என்கின்றனர். அச்சொல் பெற்றோரின் நெஞ்சில் எத்தனை ஆழமாகப் பாய்கிறது என்பதைச் சொன்னவர் அறிவதில்லை.

இச்சிறுவனிடம் காண்பது பிடிவாதமன்று. ஆட்டிசம் என்னும் வளர்ச்சி வேறுபாடு. தமிழில் இதனை ‘மதி இறுக்கம்’ என்றும் வழங்குவர். உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணிப்புப்படி, 2021ஆம் ஆண்டில் உலக மக்களுள் ஏறத்தாழ 127 பேருக்கு ஒருவர் ஆட்டிசம் உடையவர். நம் தெருவிலும், நம் பிள்ளைகள் பயிலும் பள்ளியிலும் இத்தகையோர் உளர் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

பிறர் இயல்பாகக் கற்கும் முகமொழியை இவர்களுள் பலர் படிப்படியாக, பயிற்சியினால் கற்க வேண்டியிருக்கிறது. இப்பயிற்சிக்குத் துணை செய்யவென்று கடந்த இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கணிப்பொறி, கைபேசி, ரோபோ முதலிய கருவிகள் உருவாக்கப்பட்டு வருகின்றன. அவற்றால் விளையும் நன்மை யாது? எல்லை யாது? இவற்றைப் பற்றிக் குடும்பங்கள் அறிந்திருத்தல் நலம்.

குற்றம் பெற்றோருடையதன்று

கருவிகளைப் பற்றிக் கூறுமுன் ஒரு பழியைத் துடைத்தாக வேண்டும்.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பணியாற்றிய மருத்துவர் லியோ கான்னர், 1943ஆம் ஆண்டில் 11 குழந்தைகளைப் பற்றிய கட்டுரை ஒன்றை வெளியிட்டார். பிறரோடு உள்ளம் கலவாமை, ஒரே நிலைமை நீடிக்க வேண்டும் என்ற தீவிர விருப்பம் ஆகியவை அக்குழந்தைகளிடம் காணப்பட்டன. ஆட்டிசம் என்பது தனியொரு நிலையாக மருத்துவ உலகின் கவனத்திற்கு வந்தது இக்கட்டுரையாலேயே. அடுத்த ஆண்டில் வியன்னா நகரின் மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்கரும் இத்தகைய சிறுவர்களைப் பற்றி எழுதினார்.

அதன்பின் நேர்ந்ததே வருந்தத்தக்கது. தாயின் அன்பின்மையே குழந்தையை இவ்வாறு ஆக்கியது என்ற கருத்து பரவியது. ‘குளிர்பெட்டித் தாய்’ என்ற கொடிய பட்டத்தையும் சூட்டினர். புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் 1967இல் வெளியிட்ட நூல் இக்கருத்தை மேலும் பரப்பிற்று. எத்தனையோ அன்னையர் தாம் செய்யாத குற்றத்திற்காகக் கண்ணீர் வடித்தனர்.

எனினும், உண்மை நெடுங்காலம் மறைந்திருக்கவில்லை. ஆட்டிசம் உடைய மகனைப் பெற்றவரும் உளவியலாருமான பெர்னார்ட் ரிம்லண்ட், இது உடலியல் அடிப்படை கொண்டது என்று 1964ஆம் ஆண்டிலேயே நூல் எழுதி வாதிட்டார். 1977இல் சூசன் போல்ஸ்டீன், மைக்கேல் ரட்டர் ஆகிய இருவரும் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்து, மரபுவழிக் காரணங்கள் இதில் பெரும்பங்கு கொண்டுள்ளன என்று காட்டினர். இன்று ஐயத்திற்கே இடமில்லை. ஆட்டிசம் வளர்ப்பினால் வருவதன்று. தாய் வேலைக்குச் சென்றதால் வருவதன்று. யாருடைய பாவத்தினாலும் வருவதன்று. இதனை நம் குடும்பங்களில் ஒவ்வொருவரும் உறுதியாக மனத்திற் கொள்ள வேண்டும்.

இயந்திரம் ஏன் துணையாகிறது?

அன்பு கற்பிக்க வேண்டியதை இயந்திரம் எங்ஙனம் கற்பிக்கும் என்று வாசகர் வினவலாம். நியாயமான வினாவே. விடை காண வேண்டுமாயின், மனித முகத்தை அக்குழந்தையின் இடத்திலிருந்து நோக்க வேண்டும்.

நம் முகம் ஒரு நொடியும் நிலைத்து நிற்பதில்லை. ஒரே புன்னகை ஒருமுறை மகிழ்ச்சியைக் காட்டுகிறது. மறுமுறை ஏளனத்தைக் காட்டுகிறது. மற்றொருமுறை துயரத்தை மறைக்கிறது. முகத்தோடு குரலும், கைச்சைகையும், சூழ்நிலையும் ஒருங்கே வந்து மோதுகின்றன. ஒலியையும் ஒளியையும் மிகக் கூர்மையாக உணரும் இயல்புடைய குழந்தைக்கு இது தாங்க இயலாத பாரமாகிறது. ஆகவே, அது முகத்தை விட்டுப் பார்வையை விலக்கிக் கொள்கிறது.

கணிப்பொறியோ அவசரப்படுவதில்லை. ஒரே முகத்தை நூறு முறை காட்டு என்றாலும் சலிக்காமல் காட்டும். வேண்டிய இடத்தில் நிறுத்தலாம், மெதுவாக ஓட்டலாம். தவறாக விடை சொன்னால் அது முகம் சுளிக்காது, நகைக்காது, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசாது. இன்ன பொத்தானை அழுத்தினால் இன்னது நிகழும் என்ற ஒழுங்கு அதில் உண்டு. ஒழுங்கையும் முறையையும் நாடும் ஆட்டிச உள்ளத்திற்கு அது ஆறுதல் அளிக்கிறது. இக்காரணத்தாலேயே கருவிகளின் துணை நாடப்பட்டது.

நானூற்றுப் பன்னிரண்டு உணர்வுகள்

இத்துறையில் முன்னோடியாக விளங்கியவர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் சைமன் பேரன்-கோஹன். அவருடைய குழுவினரின் முயற்சியால் 2004ஆம் ஆண்டில் ‘மைண்ட் ரீடிங்’, அதாவது ‘உள்ளம் படித்தல்’ என்னும் கணிப்பொறித் தட்டு வெளிவந்தது. இதனை உணர்ச்சிகளின் அகராதி என்றே கூறலாம். 412 உணர்வுகளும் மனநிலைகளும் 24 தொகுதிகளாக இதில் வகுக்கப்பட்டுள்ளன. ஒவ்வோர் உணர்விற்கும் ஆறு முகக் காட்சிகள், ஆறு குரல் பதிவுகள் உண்டு. இளைஞர், முதியவர், ஆடவர், பெண்டிர் எனப் பலரும் அவ்வுணர்வை நடித்துக் காட்டுகின்றனர். பயில்வோர் விரும்பிய உணர்வைத் தேடிப் பார்க்கலாம், பாடங்களைக் கற்று வினாக்களுக்கு விடையளிக்கலாம், விளையாட்டுகளிலும் ஈடுபடலாம்.

இக்கருவி பயன் தந்ததா? ஓபர் கோலன் என்னும் ஆய்வாளரும் பேரன்-கோஹனும் 2006இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். ஆட்டிசம் உடைய வயதுவந்தோர் வாரந்தோறும் சில மணி நேரம் சில வாரங்கள் பயின்றபின், முகங்களையும் குரல்களையும் கொண்டு உணர்வைக் கண்டறிவதில் முன்னேறினர். ஆயினும், பாடத்திற்கு மிக வேறுபட்ட சோதனைகளில், எடுத்துக்காட்டாகத் திரைப்படக் காட்சிகளில் உலவும் மனிதரின் உள்ளத்தைக் கூறுக என்றபோது, அம்முன்னேற்றம் காணப்படவில்லை.

இம்முடிவை வாசகர் நன்கு நினைவிற் கொள்ள வேண்டும். குளத்தில் நீந்தக் கற்றவன் கடலிலும் நீந்துவான் என்று நாம் எண்ணுகிறோம். அது தானாக நிகழ்வதில்லை. திரையில் கற்றது தெருவிற்கு வந்து சேர்கிறதா என்பதே இக்கருவிகள் அனைத்திற்கும் உரிய உண்மையான தேர்வு.

முகம் கொண்ட வண்டிகள்

சிறு குழந்தைகளுக்கு அகராதி பயன்படாது, கதை வேண்டும். எனவே, அதே கேம்பிரிட்ஜ் அறிஞர்களின் துணையோடு ‘தி டிரான்ஸ்போர்ட்டர்ஸ்’ என்னும் கேலிச்சித்திரத் தொடர் உருவாயிற்று. ஆட்டிசம் உடைய குழந்தைகளுள் பலருக்கு இரயில், டிராம், கம்பிவடப் பெட்டி போன்றவற்றில் தணியாத ஆசை உண்டு. தண்டவாளத்தில் ஓடும் வண்டி எப்பக்கம் செல்லும் என்பது முன்னரே தெரியும். திடீரென்று திசை மாறி அச்சுறுத்தாது. இந்த ஆசையையே பாடத்திற்கு வாயிலாக்கினர். வண்டிகளின் முன்புறத்தில் உண்மையான மனித முகங்களைப் பொருத்தினர். குழந்தை வண்டியைப் பார்க்கும் ஆவலில் முகத்தையும் பார்க்கும் அன்றோ!

ஒவ்வொரு கதையும் ஐந்து நிமிடம். மொத்தம் 15 கதைகள், 15 உணர்வுகள். மகிழ்ச்சி, துயரம், சினம், அச்சம் ஆகியவற்றோடு பெருமிதம், பொறாமை, வெட்கம், கேலி போன்ற நுண்ணிய உணர்வுகளும் இவற்றுள் இடம்பெற்றன. நான்கு முதல் ஏழு வயது வரையுள்ள குழந்தைகள் நான்கு வாரங்கள் நாள்தோறும் இக்கதைகளைக் கண்டனர். அதன்பின், உணர்வுகளைக் கண்டறிவதில் ஆட்டிசம் இல்லாத குழந்தைகளுக்கு நிகராக அவர்கள் விடையளித்தனர் என்று 2010இல் வெளியான ஆய்வு கூறியது.

நற்செய்தியே. எனினும், ஆஸ்திரேலியாவில் இதே தொடரைக் கொண்டு நடைபெற்று 2012இல் வெளியான மற்றோர் ஆய்வையும் சொல்லாமல் விடுதல் முறையன்று. அறிவு வளர்ச்சியிலும் பின்தங்கிய குழந்தைகளே அதில் பெரிதும் பங்கு கொண்டனர். அவர்களிடம் ஏற்பட்ட மாற்றம் சிறிதே. அதுவும் சில மாதங்களில் மறைந்தது. ஒரு பிள்ளைக்குப் பலித்தது மற்றொரு பிள்ளைக்கும் பலிக்கும் என்று கூற இயலாது. அடுத்த வீட்டுக் குழந்தை முன்னேறியதே, நம் குழந்தை ஏன் முன்னேறவில்லை என்று மனம் புழுங்குவதால் பயனில்லை.

வீட்டினுள் வந்த கண்ணாடி

திரைக்கும் வாழ்க்கைக்கும் இடையிலுள்ள இடைவெளியைக் குறைக்க வேறொரு வழியை அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் நாடினர். நடிகரின் முகத்தைத் திரையில் காட்டுவதற்குப் பதிலாக, தாய் தந்தையரின் முகத்தையே பாடமாக்கினால் என்ன?

கூகுள் நிறுவனம் வெளியிட்ட, மூக்குக் கண்ணாடி போன்ற சிறு கணிப்பொறியை அவர்கள் பயன்படுத்தினர். குழந்தை அதனை அணிந்துகொள்கிறது. அதிலுள்ள சிறு காமிரா எதிரிலிருப்பவரின் முகத்தை நோக்குகிறது. கைபேசியில் இயங்கும் மென்பொருள் அம்முகத்தில் தோன்றும் உணர்வைக் கணிக்கிறது. தாய் சிரித்தால், மகிழ்ச்சி என்பதற்கு உரிய சிறு பொம்மை முகம் கண்ணருகே தோன்றும். சொல்லும் காதில் ஒலிக்கும். சிரிப்பை வரவழைக்கும் விளையாட்டு, தாய் காட்டும் உணர்வை ஊகிக்கும் விளையாட்டு ஆகியவையும் உண்டு.

14 குடும்பங்களில் நடந்த முதற்சோதனை 2018இல் வெளியாயிற்று. குழந்தைகள் முன்னிலும் மிகுதியாகக் கண்ணோடு கண் நோக்கினர் என்று அவற்றுள் 12 குடும்பத்தினர் கூறினர். பின்னர், ஆறு முதல் பன்னிரண்டு வயதிற்குட்பட்ட 71 குழந்தைகளைக் கொண்ட பெரிய ஆய்வு 2019இல் வெளியாயிற்று. 40 குழந்தைகள் தாம் பெற்றுவந்த வழக்கமான பயிற்சியோடு, வாரம் நான்கு முறை, இருபது இருபது நிமிடங்கள், ஆறு வாரங்கள் கண்ணாடியுடன் பழகினர். ஏனையோர் வழக்கமான பயிற்சியை மட்டும் பெற்றனர். பிறரோடு பழகும் திறனை அளக்கும் ஓர் அளவுகோலில் கண்ணாடி அணிந்த குழந்தைகள் தெளிவாக முன்னேறினர். மற்ற அளவுகோல்களில் உறுதியான வேறுபாடு புலப்படவில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கண்ணாடி தனியே ஒன்றும் செய்யவில்லை. வாரத்தில் நான்கு முறை, வேறு வேலைகளையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, தாயோ தந்தையோ குழந்தையின் எதிரே அமர்ந்து சிரித்தும் சினந்தும் வியந்தும் விளையாடினர். நம் இல்லங்களில் குழந்தையின் முகத்தை நேருக்கு நேர் பார்த்து இருபது நிமிடம் விளையாடும் தந்தையர் எத்தனை பேர்?

மற்றொரு பாடமும் இதில் உண்டு. கூகுள் நிறுவனம் பொதுமக்களுக்கு இக்கண்ணாடியை விற்பதை 2015இல் நிறுத்தியது. தொழிலகங்களுக்கு விற்பதையும் 2023இல் நிறுத்திவிட்டது. கருவிகள் வரும், போகும். ஒரு கருவியை மட்டுமே நம்பிக் குழந்தையின் வளர்ச்சியைக் கட்டி எழுப்புதல் தகாது.

ரோபோவும் நீல அறையும்

இங்கிலாந்தின் ஹெர்ட்போர்ட்ஷயர் பல்கலைக்கழகத்தில் 2005ஆம் ஆண்டு முதல் ‘காஸ்பர்’ என்னும் ரோபோ வளர்ச்சி பெற்று வந்தது. சிறுவன் அளவுள்ள இப்பொம்மையின் முகம் வேண்டுமென்றே மிக எளிமையாக அமைக்கப்பட்டது. சில அசைவுகளே, குழப்பம் இல்லை. வலிக்கும்படி கிள்ளினால் “வலிக்கிறது” என்று உணர்த்தும். மெல்லத் தொட்டால் மகிழும். எவ்வளவு அழுத்தித் தொடலாம் என்பதை ஒரு குழந்தைக்கு இதைவிடத் தீங்கின்றிக் கற்பிக்க இயலுமோ?

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் 12 குடும்பங்களின் இல்லங்களில் ஒரு ரோபோவை ஒரு மாதம் வைத்தனர். நாளுக்கு அரை மணி நேரம் குழந்தையும் பெற்றோரும் ரோபோவும் கூடி விளையாடினர். ரோபோ குழந்தையோடு பேசிவிட்டுப் பெற்றோரின் பக்கம் திரும்பி நோக்கும்; குழந்தையும் திரும்பி நோக்கப் பழகும். 2018இல் வெளியான முடிவுகளின்படி, ரோபோ அருகில் இல்லாத வேளையிலும் குழந்தைகள் பெரியவரோடு ஒரே பொருளைச் சேர்ந்து கவனிக்கும் திறனில் முன்னேறினர்.

அச்சத்தை வெல்லவும் கருவி துணை செய்கிறது. நாய், பேருந்து, கடைத்தெருவின் கூட்டம் முதலியவற்றைக் கண்டு நடுங்கும் ஒன்பது சிறுவர்களை இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்து ஆய்வாளர்கள் ‘நீல அறை’ என்னும் இடத்திற்கு அழைத்துச் சென்றனர். அங்கே சுவர் முழுவதும் மெய்நிகர் காட்சிகள் தோன்றும். உளவியலார் ஒருவர் சிறுவனின் அருகிலேயே இருந்து மூச்சை அமைதிப்படுத்தக் கற்பிப்பார். காட்சி சிறிது சிறிதாகக் கடுமையாக்கப்படும். இத்தகைய நான்கே அமர்வுகளுக்குப்பின் ஒன்பதின்மருள் எண்மர் தாம் அஞ்சிய நிலைமையை முன்னிலும் நன்றாக எதிர்கொண்டனர். நால்வர் அச்சத்திலிருந்து முற்றும் விடுபட்டனர். 2014இல் இது வெளியாயிற்று. சிறிய ஆய்வுதான், ஆயினும், கடைவீதிக்குப் போக இயலாதிருந்த குடும்பத்திற்கு அது சிறிய விடுதலை அன்று.

வேலை தேடும் இளைஞருக்கும் பயிற்சி உண்டு. கணிப்பொறியில் தோன்றும் அதிகாரி ஒருவர் வினா எழுப்ப, இளைஞர் விடையளித்து நேர்முகத் தேர்விற்குப் பழகும் முறையை அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்துப் பயன் கண்டதை 2014இல் வெளியிட்டனர். ஆட்டிசம் உடைய குழந்தை என்றும் குழந்தையாகவே இருப்பதில்லை. வளர்ந்தபின் அவருக்கும் வேலை வேண்டும், வருவாய் வேண்டும், நண்பர் வேண்டும் என்பதை நாம் பல வேளைகளில் மறந்துவிடுகிறோம்.

இருபுறமும் கற்க வேண்டும்

இதுவரை கூறியவற்றில் ஓர் எண்ணம் ஒளிந்திருக்கிறது. ஆட்டிசம் உடையவர் நம்மைப் புரிந்துகொள்வதில்லை. எனவே அவருக்குப் பயிற்சி தேவை என்பதே அது. நாம் அவரைப் புரிந்துகொள்கிறோமா?

இவ்வினாவை எழுப்பியவர் டேமியன் மில்டன் என்னும் பிரிட்டன் நாட்டு அறிஞர். தாமே ஆட்டிசம் உடையவர். புரிந்துகொள்ளாமை ஒருவர் பக்கத்துக் குறையன்று. இரு பக்கத்திலும் உள்ளது என்று அவர் 2012இல் எழுதினார். இதற்குச் சான்றாக எடின்பரோ நகரில் நடந்து 2020இல் வெளியான ஓர் ஆய்வைக் கூறலாம். எண்மர் கொண்ட வரிசையில் ஒருவர் மற்றவருக்கு ஒரு கதையைச் சொல்லி அனுப்ப வேண்டும். ஆட்டிசம் உடையோர் மட்டும் இருந்த வரிசையில் கதை நன்றாகவே போய்ச் சேர்ந்தது. ஆட்டிசம் இல்லாதோர் வரிசையிலும் அவ்வாறே. இரு சாராரும் கலந்திருந்த வரிசையில்தான் கதையின் பகுதிகள் பெரிதும் உதிர்ந்து போயின. அவர்களுக்குப் பேசத் தெரியாது என்பதன்று. நமக்கும் அவர்களுக்கும் இடையே பாலம் இல்லை என்பதே உண்மை.

மேலும், முகம் எப்போதும் உண்மை பேசுகிறதா? லிசா பெல்ட்மன் பேரட் முதலிய ஐந்து உளவியல் அறிஞர்கள் ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து, முகத்தை மட்டும் கொண்டு ஒருவரின் உணர்வை உறுதியாகக் கூற இயலாது என்று 2019இல் முடிவு கூறினர். இங்ஙனமிருக்க, “இம்முகம் சினம்” என்று கருவி கூறுவதை வேதவாக்காகக் கொள்ளலாகாது. அது ஓர் ஊகம், அவ்வளவே.

எல்லாவற்றிலும் ஆழ்ந்து எண்ண வேண்டியது ஒன்று உண்டு. பிறர் விரும்புவதற்காகத் தம் இயல்பை மறைத்து, வலிந்து கண்ணை நோக்கி, வலிந்து புன்னகைத்து வாழ்வதை ஆட்டிசம் உடைய பெரியோர் பலர் ‘முகமூடி அணிதல்’ என்கின்றனர். அது தம்மைக் களைப்படையச் செய்வதாகவும், மனச்சோர்வில் ஆழ்த்துவதாகவும் அவர்கள் கூறுவதை ஆய்வாளர்களும் பதிவு செய்துள்ளனர். பயிற்சி என்பது குழந்தைக்குப் பிறரைப் புரிய வைக்க வேண்டும். தன் தேவையைச் சொல்ல வைக்க வேண்டும். விருந்தினர் முன் நல்ல பிள்ளையாக நடிக்க வைப்பது பயிற்சி ஆகாது.

சென்னையில் பிறந்த ‘ஆவாஸ்’

பிறர் உணர்வை அறிவது பாதி. தன் உணர்வைத் தெரிவிப்பது மறுபாதி. வாய்பேச்சு வாராத குழந்தை பயத்தையும் பசியையும் வலியையும் எவ்வாறு சொல்லும்? சொல்ல வழியின்றித் தவிக்கும் உள்ளமே பல வேளைகளில் அலறலாகவும் கடிப்பதாகவும் வெளிப்படுகிறது.

இத்துறையில் நம் மாநிலத்திற்குப் பெருமை தரும் பணி ஒன்று நிகழ்ந்துள்ளது. சென்னையைச் சேர்ந்த பொறியாளர் அஜித் நாராயணன், மாற்றுத்திறனாளிகளுக்குப் பணியாற்றும் சென்னை வித்யாசாகர் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு ‘ஆவாஸ்’ என்னும் கருவியை உருவாக்கினார். முதலில் தனிக் கருவியாக இருந்த இது, பின்னர் டேப்லெட்டில் இயங்கும் செயலியாயிற்று. குழந்தை படங்களைத் தொட்டால், அவை சொற்களாகி ஒலிக்கும். தமிழிலும் இது பேசும். ‘போதும்’, ‘சத்தம் வேண்டாம்’, ‘பயமாக இருக்கிறது’ என்று ஒரு குழந்தை முதன்முறையாகச் சொல்லும் நாள், அக்குடும்பத்தில் திருநாளன்றோ!

படத்தைத் தொடப் பழகினால் பேச்சு வராமற் போய்விடும் என்று சிலர் அஞ்சுவர். அவ்வச்சத்திற்கு ஆதாரமில்லை. படங்களின் துணையால் பேச்சு தடைப்படுவதில்லை என்றும், சிலரிடம் அது சற்று வளர்வதும் உண்டு என்றும் ஆய்வுகள் காட்டுகின்றன.

பெற்றோர் கவனத்திற்கு

மேற்கூறியவற்றிலிருந்து இல்லங்களில் கைக்கொள்ளத்தக்க சில நெறிகளை இங்கே தொகுத்துக் கூறலாம்.

முதலாவது, கருவி துணையே அன்றி மருந்தன்று. ‘ஆட்டிசத்தைக் குணப்படுத்தும்’ என்று விளம்பரம் செய்து பெருந்தொகை கேட்போரிடம் எச்சரிக்கையாக இருங்கள். நகையை அடகு வைக்கும் முன், குழந்தைகள் நல மருத்துவரிடமோ, பயிற்சி பெற்ற சிறப்பாசிரியரிடமோ ஆலோசனை கேளுங்கள். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இதற்கு உதவும்.

இரண்டாவது, குழந்தையைத் தனியே திரையின் முன் விட்டுவிடாதீர்கள். இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் திரை வேண்டாம். இரண்டு வயதிற்குள் வேண்டவே வேண்டாம் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் அறிவுரை கூறியுள்ளது. அருகில் அமர்ந்து, திரையில் கண்டதை உடனே வாழ்க்கையோடு இணையுங்கள். “அந்த வண்டி அழுததே, நேற்றுத் தங்கையும் அழுதாள் அல்லவா?” என்று கேட்கும் ஒரு சொல்லே, குளத்திலிருந்து கடலுக்குச் செல்லும் வாய்க்கால்.

மூன்றாவது, விலையுயர்ந்த கருவி இல்லையே என்று ஏங்க வேண்டாம். நாளைக்குச் செல்லவிருக்கும் மருத்துவமனையையோ, திருமண மண்டபத்தையோ முன்னதாகக் கைபேசியில் படமெடுத்து, ‘முதலில் இங்கே இறங்குவோம், பின்பு இங்கே அமர்வோம், சத்தம் மிகுந்தால் வெளியே வந்துவிடுவோம்’ என்று வரிசையாகக் காட்டுங்கள். நிகழ்ச்சிகளை இவ்வாறு சிறு கதையாக்கி முன்னரே சொல்லும் முறையை அமெரிக்க ஆசிரியை கேரல் கிரே 1990களின் தொடக்கத்தில் வகுத்தார். அதற்குத் தாளும் பென்சிலும்கூடப் போதும்.

நான்காவது, குழந்தையின் முகமும் குரலும் பதிவாகும் கருவி எதுவாயினும், அப்பதிவு எங்கே செல்கிறது, யார் காண்பர் என்று கேட்டறியுங்கள். தன் படம் குறித்துத் தானே பேச இயலாத குழந்தைக்காகப் பெற்றோரே பேச வேண்டும்.

ஐந்தாவது, குழந்தை மறுத்தால் நிறுத்துங்கள். ‘வேண்டாம்’ என்பதும் ஓர் உணர்வே. அதனை மதிக்கும் வீட்டில்தான் பிறர் உணர்வை மதிக்கும் பிள்ளை வளரும்.

ஆறாவது, சட்டம் அளிக்கும் உரிமையை விட்டுவிடாதீர்கள். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டமும், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் ஆட்டிசம் உடையோரைத் தம் பாதுகாப்பில் கொண்டுள்ளன. அறக்கட்டளையின் ‘நிராமயா’ திட்டத்தின்வழி ஆண்டுக்கு ஒரு இலட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு பெறவும் வழியுண்டு.

அண்டை அயலாரின் பங்கு

பெற்றோருக்கு மட்டும் அறிவுரை கூறி முடித்தல் நீதியாகாது. ஒரு தாய் ஆறு மாதம் பாடுபட்டுத் தன் மகனுக்கு “வணக்கம்” சொல்லக் கற்பிக்கிறாள். அவன் ஒருநாள் உங்களிடம் வந்து, கண்ணை நோக்காமல், சுவரைப் பார்த்தபடி “வணக்கம்” என்கிறான். நீங்கள் நகைத்தால், அவளுடைய ஆறு மாத உழைப்பு அந்த நொடியில் வீணாகிறது. நின்று, மெல்லிய குரலில், சிறு சொற்களால் பதில் கூறி, அவன் மறுமொழிக்காகச் சற்றுக் காத்திருந்தால், எந்தக் கருவியும் தர இயலாத பாடத்தை அவனுக்குத் தந்தவர் ஆவீர்கள்.

பாட்டியர், தாத்தாக்கள், அத்தைமார், மாமன்மார் யாவருக்கும் இது பொருந்தும். உங்கள் குடும்பத்து விழாவிற்கு அப்பிள்ளையையும் அழையுங்கள். ஒலிபெருக்கியின் ஓசையைச் சிறிது குறையுங்கள். ஓர் அமைதியான அறையைத் திறந்து வையுங்கள். அவன் விரும்பும் இரயிலைப் பற்றிக் கேளுங்கள், ஆர்வத்தோடு செவிமடுங்கள். “ஏன் இப்படி இருக்கிறான்?” என்று தாயிடம் கேட்பதைவிட, “நான் எப்படிப் பேசினால் அவனுக்குப் பிடிக்கும்?” என்று கேளுங்கள்.

திரையின் முன் பயின்ற புன்னகை மனிதரிடையே வந்து நிற்கும்போது, அதனை வரவேற்க ஒரு முகம் அங்கே காத்திருக்க வேண்டும். அந்த முகம் நம்முடையதாக இருக்கட்டும்.